கேஸ் ரிஜெக்ட் ஆகிட்டுது, ஆஸ்பத்திரி பில் வந்திருக்கு, மிட்வைஃபிட்ட போகப் பயமா இருக்கு

இங்கிலாந்தில இருந்து ஒரு வாசகி நீளமா எழுதியிருக்கிறா. பெயரையும் ஊரையும் எடுத்திட்டு அவ சொன்னதைச் சுருக்கித் தாறன்.

வன்னிக் குடும்பம். கணவர், மனைவி, ஆறு வயசு மகள். ரெண்டு வருசத்துக்கு முதல் மூண்டு பேருமா வந்து அசைலம், அதாவது அகதித் தஞ்சம், கேட்டவை. கேஸ் ரிஜெக்ட், அப்பீலும் தோத்துப் போச்சு, அதுக்கு மேல போகவும் பெர்மிஷன் கிடைக்கேல்லை. இப்ப புதுசா ஆதாரம் சேர்த்து ஃபிரெஷ் கிளெய்ம் எண்ட புது அசைலம் கோரிக்கை போட ஓடித்திரியினம், குடிவரவைப் பாக்கிற ஹோம் ஒஃபிஸுக்கு மாதாமாதம் சைன் வைக்கவும் ஒழுங்கா போகினம். வந்த நாள் தொடக்கம் கணவரின்ட ஒண்டுவிட்ட அண்ணா வீட்டில ஒரு அறையிலதான் சீவியம், ஹோம் ஒஃபிஸிட்ட வீடும் கேக்கேல்லை காசும் கேக்கேல்லை. கணவர் ஒரு கடையில கைக்காசுக்கு நிண்டவர், சுகர் வருத்தத்தால காலில வந்த புண் ஆறாமல் கிடக்கிறதால இப்ப அதுவும் இல்லை. மாத முடிவோட அறையை விடச் சொல்லி அண்ணா சொல்லிட்டார்.

இதுக்குள்ள அவ 21 கிழமை கர்ப்பம். 9வது கிழமை மிட்வைஃபிட்ட (மருத்துவிச்சியிட்ட) பதிஞ்சவ. 13வது கிழமை அளவிலதான் அப்பீல் முழுசா முடிஞ்சது. 17வது கிழமை ஆஸ்பத்திரியில இருந்து 6,800 பவுண்ஸ் கட்டச் சொல்லி லெட்டர் வந்திருக்கு. அண்டையோட மிட்வைஃபிட்ட போறதை நிப்பாட்டிட்டா, 20 கிழமை ஸ்கானுக்கும் போகேல்லை. அவ கேக்கிறது இதுதான்: "அகதி எண்டே ஏத்துக்கொள்ளாத எங்களுக்கு இந்த நாட்டு ஆஸ்பத்திரியில என்ன உரிமை இருக்கு? போனால் பிடிச்சுக் குடுப்பினமா? அண்ணி தன்ர பெயரில ஸ்கான் எடு எண்டு சொல்லுறா, எடுக்கலாமா? உதவி கேட்டா கேஸ் பழுதாப் போகுமா?"

தங்கச்சி, உங்கட கடிதத்தை ரெண்டு தரம் வாசிச்சன். ஒரு லோயரா எனக்கு முதல்ல கண்ணில பட்டது நீங்கள் எழுதின அந்த மூண்டு கிழமைக் கணக்குத்தான், 9, 13, 17. நீங்கள் அதைச் சும்மா கதையோட கதையா எழுதியிருக்கிறீங்கள், ஆனா உங்கட கேள்வியில பாதிக்குப் பதில் அதுக்குள்ளயே கிடக்கு. அதுக்கு வாறன். அதுக்கு முதல் ஒரு அவசர விசயம்.

ஸ்கான் இந்தக் கிழமையே எடுக்க வேணும்

அந்த ஸ்கான் வழமையா 18 கிழமைக்கும் 20 கிழமை 6 நாளுக்கும் இடையில எடுக்கிறது. தவறினால் 23 கிழமை வரைக்கும் எடுக்க வழி இருக்கு. நீங்கள் இப்ப 21. அதால இந்தப் பதிலை வாசிச்சு முடிச்ச உடன மிட்வைஃப் குடுத்த நம்பருக்கு ஃபோன் பண்ணி, ஸ்கான் மிஸ் பண்ணிட்டன், புது டேட் வேணும் எண்டு கேளுங்கோ. இங்கிலீசு கஷ்டமெண்டா "டமில் இன்ரப்பிரட்டர்" எண்டு மட்டும் சொல்லுங்கோ, ஏற்பாடு செய்ய வேண்டியது அவையின்ட பொறுப்பு, அதுக்கு உங்களிட்ட காசு கேக்க மாட்டினம். மகளைக் கொண்டு மொழிபெயர்ப்பிக்காதேங்கோ, பிள்ளைக்கு அந்தப் பாரம் வேண்டாம்.

காசு கட்டேல்லை எண்டு திருப்பி அனுப்புவினமோ எண்ட பயம் இருக்குமெண்டா, விதி தெளிவா இருக்கு. கர்ப்பகாலக் கவனிப்பு, பிரசவம், பிறகு தாயையும் பிள்ளையையும் பாக்கிறது எல்லாமே உடனடியா அவசியமான சிகிச்சை எண்டுதான் கணக்கு. காசு கட்டாததைச் சாட்டா வைச்சு அதை மறுக்கவோ பிற்போடவோ கூடாது. பில் வரலாம், அது வேற கதை, கதவு பூட்டக்கூடாது. கவுண்டரில நிக்கிற ஆள் வேற மாதிரிச் சொன்னா மிட்வைஃபைக் கூப்பிடச் சொல்லுங்கோ, ஏனெண்டா இதைத் தீர்மானிக்கிறது மருத்துவ ஆக்கள், கணக்கு ஒஃபிஸ் இல்லை.

அண்ணியின்ட பெயரில ஸ்கான் எடுக்கிறது மட்டும் வேண்டவே வேண்டாம். அவ நல்ல மனசோடதான் சொல்லியிருப்பா, தெரியும். ஆனா யோசிச்சுப் பாருங்கோ, உங்கட ரத்த வகை, உங்கட பிரெஷர், பிள்ளையின்ட வளர்ச்சி எல்லாம் அவவின்ட ரெக்கோர்டில போய் உக்காரும். நாளைக்கு பிரசவ நேரம் ரத்தம் ஏத்த வேணும் எண்டு வந்தா டொக்டருக்கு முன்னால இருக்கிறது யாற்ற விபரம்? அதோட அது மோசடி எண்டு கணக்கெடுபட்டு ரெண்டு பேருக்கும் வழக்கு வரலாம். உங்கட ஃபிரெஷ் கிளெய்முக்கு உங்கட நேர்மைதான் முதுகெலும்பு, அதை இப்பிடி ஒரு விசயத்துக்காக உடைக்காதேங்கோ.

அந்த பில் உண்மையில நீங்கள் கட்ட வேண்டிய பில்லா?

இங்கிலாந்தில ஆஸ்பத்திரிச் சிகிச்சைக்குக் காசு வாங்கிறது 2015ஆம் ஆண்டு வந்த வெளிநாட்டு வருகையாளர் கட்டண விதிகளின்படி. அகதி அந்தஸ்து கிடைச்ச ஆக்களுக்கு இலவசம். அசைலம் கேஸோ அப்பீலோ நடந்துகொண்டிருக்கிற ஆக்களுக்கும் இலவசம். கேஸ் முழுசா தோத்த ஆக்களிட்டத்தான் காசு கேக்கினம், அதுவும் என்.எச்.எஸ் எண்ட அரச மருத்துவ சேவையின்ட கணக்கில ஒண்டரை மடங்கு, அதாலதான் தொகை இப்பிடிப் பெரிசா நிக்குது. ஸ்கொட்லண்டிலயும் வேல்ஸிலயும் கேஸ் தோத்த ஆக்களிட்டக்கூட கேக்கிறேல்லை, அங்க இருக்கிற சொந்தக்காரர் "எங்களிட்ட ஒண்டும் கேக்கேல்லையே" எண்டு சொல்லுறது அதாலதான்.

ஆனா அதே விதிகளுக்குள்ள முக்கியமான ஒண்டு இருக்கு. இலவசமா இருந்த நேரத்தில ஒரு சிகிச்சை தொடங்கியிருந்தா, பிறகு கேஸ் தோத்தாலும் அந்தச் சிகிச்சை முடியும் வரைக்கும் இலவசம்தான். கர்ப்பத்துக்கு முதல் பதிவு தொடக்கம் பிரசவத்துக்குப் பிறகு பாக்கிறது வரைக்கும் ஒரே தொடர் சிகிச்சை எண்டுதான் எடுக்க வேணும். நீங்கள் பதிஞ்சது 9வது கிழமை, அண்டைக்கு உங்கட அப்பீல் உயிரோட இருந்தது. முடிஞ்சது 13ல. நீங்கள் எழுதின திகதிகள் சரியெண்டா இந்த பில்லே பிழை.

ஆஸ்பத்திரி வேணுமெண்டு செய்திருக்கும் எண்டு நினைக்கேல்லை. 17வது கிழமை ஆரோ கம்பியூட்டரில உங்கட ஸ்டேட்டஸைத் தட்டிப் பாத்திருப்பினம், அண்டைக்கு அது ரிஜெக்ட் எண்டு காட்டியிருக்கும், நீங்கள் எப்ப பதிஞ்சனீங்கள் எண்டு திரும்பிப் பாத்திருக்க மாட்டினம். அதால ரெண்டு கடதாசி எடுத்து வையுங்கோ. ஒண்டு, மிட்வைஃபின்ட முதல் பதிவு நடந்த திகதி இருக்கிற பக்கம், அது உங்கட மகப்பேற்றுக் குறிப்பிலயோ ஃபோன் ஆப்பிலயோ இருக்கும். மற்றது, அப்பீல் கடைசியா முடிஞ்சதெண்டு வந்த லெட்டர். ரெண்டையும் கொப்பி எடுத்து, ஆஸ்பத்திரியில வெளிநாட்டாக்களின்ட கட்டணத்தைப் பாக்கிற ஓவர்சீஸ் விசிட்டர் மனேஜருக்கு, என்ர சிகிச்சை தொடங்கேக்க என்ர அப்பீல் நிலுவையில இருந்தது, அதால கட்டணத்தை ரத்துச் செய்யுங்கோ எண்டு எழுத்தில கேளுங்கோ. ஃபோனில கேட்டால் காத்தோட போகும். உதவிக்கு மெட்டர்னிட்டி அக்‌ஷன் எண்ட அமைப்பும், டொக்டர்ஸ் ஒஃப் த வேர்ல்ட் அமைப்பும் இப்பிடிப் பில்களைப் பாத்துக் கடிதம் எழுத உதவுறவை.

பில்லைப் பேசாமல் விடாதேங்கோ. 500 பவுண்ஸுக்கு மேல கடன் ரெண்டு மாசத்துக்கு மேல நிண்டா ஹோம் ஒஃபிஸுக்கு அறிவிக்கலாம், பிறகு வேற விசா விண்ணப்பங்களுக்கு அது இடைஞ்சலா வரலாம். அசைலம் கோரிக்கையை அதை வைச்சு மறுக்க ஏலாது. பில் பற்றித் தகராறு இருக்கு எண்டு எழுத்தில இருந்தா உங்களுக்குப் பாதுகாப்பு. எல்லாம் தோத்தாலும், வருமானமே இல்லாத ஆக்கள் மாதம் ஒரு சின்னத் தொகை எண்டு ஒழுங்கு பேசலாம்.

நீங்கள் கேக்காமலே விட்ட உதவி

கேஸ் தோத்த உடன ஒரு உதவியும் இல்லை எண்டு நீங்கள் எழுதியிருக்கிறீங்கள். தனி ஆளுக்கு அது ஏறக்குறைய சரி. பிள்ளை இருக்கிற குடும்பத்துக்கு அது சரியில்லை. 1999ஆம் ஆண்டு குடிவரவு அசைலம் சட்டத்தில செக்‌ஷன் 95 எண்டு ஒண்டு இருக்கு, கையில வழியில்லாத அசைலம் ஆக்களுக்கு வீடும் வாராந்தக் காசும் குடுக்கிறது. அதே சட்டத்தில இன்னொரு இடத்தில, கேஸ் முடியிறதுக்கு முதலே குடும்பத்தில 18 வயசுக்குக் குறைஞ்ச பிள்ளை இருந்திருந்தா, அந்தப் பிள்ளைக்கு 18 ஆகும் வரைக்கும், அவையள் நாட்டில இருக்கும் வரைக்கும், அந்தக் குடும்பத்தை இந்த உதவிக்காக அசைலம் குடும்பமாவே எடுக்க வேணும் எண்டு எழுதியிருக்கு. மகள் உங்களோட வந்த பிள்ளை. அதால நீங்கள் முதல் இந்த உதவியை எடுத்திருக்காட்டிலும் இப்பவும் கேக்கலாம்.

வழியில்லை எண்டுறதுக்கு நீங்கள் நடுரோட்டில நிக்கத் தேவையில்லை. அடுத்த 14 நாளுக்குள்ள வீடோ அடிப்படைச் செலவுக்குக் காசோ இல்லாமல் போகும் எண்டு காட்டினால் காணும். அண்ணாவிட்ட ஒரு கடிதம் வாங்குங்கோ, எத்தினை நாளா வைச்சிருந்தவர், என்ன உதவி செய்தவர், எந்தத் திகதியோட ஏலாது எண்டு, கையெழுத்தோட. கேக்கக் கூச்சமா இருக்கும், அவரோட மனஸ்தாபம் வேற இருக்கலாம், ஆனா அந்த ஒரு பக்கக் கடிதம் இல்லாமல் கன விண்ணப்பம் நிண்டுபோகுது. வீடு தேவையில்லை காசு மட்டும் காணும் எண்டும் கேக்கலாம், அண்ணா மனசு மாறி இருக்கவிட்டா அது வசதி. மாத முடிவுக்கு முதல் பதில் வராட்டி, முடிவு வரும் வரைக்கும் தற்காலிக இடம் கேக்க செக்‌ஷன் 98 இருக்கு.

தொகை பெரிசில்லை. இதை எழுதேக்க, வீட்டில சமைக்கிற ஆக்களுக்கு ஆளுக்குக் கிழமைக்கு 49.18 பவுண்ஸ், அஸ்பன் கார்ட் எண்ட அட்டையில போடுவினம். கர்ப்பிணி எண்டா 5.25 கூட, பிள்ளை பிறந்தா ஒரு வயசு வரைக்கும் அந்தப் பிள்ளைக்கு 9.50 கூட. பிரசவச் செலவுக்கு ஒருதரம் 300, அதை நீங்களாத்தான் கேட்டு எடுக்க வேணும், தானா வராது. ஆனா காசைவிட முக்கியமானது, செக்‌ஷன் 95 கிடைச்ச நாளில இருந்து ஆஸ்பத்திரிக் கட்டணம் உங்களுக்கும் இல்லை, கணவருக்கும் இல்லை. மருந்து, பல், கண்ணாடிக்கான எச்.சி.2 சான்றிதழும் அதோடயே வரும்.

இதில இருக்கிற பாதகத்தையும் சொல்ல வேணும். வீடு கேட்டா எந்த ஊரில தருவினம் எண்டு நீங்கள் தெரிவு செய்ய ஏலாது, ஹோட்டல் அறையாவும் இருக்கலாம், மகளின்ட பள்ளிக்கூடம் மாறலாம். அதால விண்ணப்பத்தோடயே மிட்வைஃபிட்ட ஒரு கடிதமும் கணவரின்ட காலைப் பற்றி டொக்டரிட்ட ஒரு கடிதமும் சேர்த்து அனுப்புங்கோ, ஆஸ்பத்திரிக்குக் கிட்ட இருக்க வேணும் எண்டு. ரெண்டாவது, உங்கட விலாசம் ஹோம் ஒஃபிஸுக்குப் போகும். நீங்கள் மாதாமாதம் சைன் வைக்கிற ஆள், விலாசம் ஏற்கனவே அவையிட்ட இருக்கு, அதால உங்களுக்கு இதில புதுசா இழக்க ஒண்டுமில்லை. சைன் வைக்காமல் ஒதுங்கி இருக்கிற ஆரும் இதை வாசிச்சா, விண்ணப்பிக்க முதல் கட்டாயம் லோயரோட கதையுங்கோ. மூண்டாவது, இந்த உதவிகளைக் குறைக்கப்போறம், சட்டக் கடமையையே மாத்தப்போறம் எண்டு அரசாங்கம் 2025 நவம்பரில அறிவிச்சிருக்கு. அதால ஆறு மாசம் பாத்திட்டுக் கேப்பம் எண்டு இருக்காதேங்கோ.

விண்ணப்பம் நிரப்ப மைக்ரண்ட் ஹெல்ப் எண்ட அமைப்புக்கு ஃபோன் பண்ணலாம், இலவசம், தமிழ் மொழிபெயர்ப்பாளரும் உண்டு. நிரப்பேக்க எதையும் ஒளிக்காதேங்கோ. கணவர் கடையில நிண்டதைப் பற்றிக் கேட்டா உண்மையைச் சொல்லுங்கோ, ஆனா சொல்ல முதல் லோயரோட கதைச்சிட்டுச் சொல்லுங்கோ, ஏனெண்டா அனுமதியில்லாமல் வேலை செய்யிறது 2016க்குப் பிறகு குற்றம். இனிமேல் நிக்க வேண்டாம் எண்டும் அவருக்குச் சொல்லுங்கோ. தாலிக்கொடியைப் பற்றிக் கேட்டிருந்தீங்கள். நகையை வித்திட்டு வா எண்டு விண்ணப்பம் கேக்கிறேல்லை, ஆனா பெறுமதியான நகை இருந்தா அதில எழுத வேணும், பிறகு வித்தாலும் அறிவிக்க வேணும். எழுதாமல் விட்டதுதான் பிறகு பிரச்சினையா வாறது.

கணவரின்ட கால்

இதை வாசிக்கேக்க எனக்கு உண்மையா நெஞ்சு பதறினது. நான் டொக்டர் இல்லை, ஆனா சுகர்காரரின்ட காலில ஆறாத புண்ணை வீட்டில வைச்சுக் கழுவிக்கொண்டிருக்கிறது எங்க கொண்டுபோய் விடும் எண்டு எங்கட ஊரில எல்லாருக்கும் தெரியும். ஜிபி, அதாவது குடும்ப டொக்டர், இல்லை எண்டு எழுதியிருக்கிறீங்கள், ஏனெண்டா பாஸ்போட்டும் விலாசத்துக்குச் சாட்சியும் கேட்டு ரிசெப்ஷனில திருப்பி அனுப்பினவையாம். அப்பிடித் திருப்பி அனுப்பக்கூடாது. இங்கிலாந்தில ஜிபியிட்ட பதிய விசாவும் தேவையில்லை, அடையாள அட்டையும் விலாசச் சாட்சியும் கட்டாயமில்லை, இது என்.எச்.எஸ் இங்கிலாந்தின்ட வழிகாட்டலிலயே இருக்கு. கேஸ் தோத்த ஆளுக்கும் ஜிபி பாக்கிறது, நேர்ஸ் புண்ணுக்குக் கட்டுப் போடுறது இலவசம். மறுத்தால் ஏன் மறுக்கிறீங்கள் எண்டு எழுத்தில கேளுங்கோ, அநேகமா அந்த இடத்திலயே ஃபோர்மை எடுத்துத் தருவினம்.

புண் மணந்தாலோ, கறுத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ ஜிபிக்குக் காத்திருக்காதேங்கோ, நேர ஏ அண்ட் ஈ எண்ட அவசரப் பிரிவுக்குப் போங்கோ. அங்க பாக்கிறதுக்குக் காசில்லை, வார்டில அட்மிட் பண்ணினால்தான் கட்டணக் கேள்வி வரும், அப்பவும் அவசரச் சிகிச்சையைக் காசுக்காக நிப்பாட்டக்கூடாது. சுகருக்கு மருந்து எடுக்கிற ஆளுக்கு மருந்துக் கட்டணமில்லாத சான்றிதழ் இருக்கு, ஜிபியிட்ட அதுக்கான ஃபோர்ம் கேக்க வேணும். உங்களுக்கும் கர்ப்பகாலச் சான்றிதழ் இருக்கு, மருந்தும் பல்லும் பிள்ளை பிறக்கிற திகதிக்குப் பிறகு ஒரு வருசம் வரைக்கும் இலவசம், மிட்வைஃபிட்டயே கேளுங்கோ.

இன்னொண்டு, இதை மெல்லமாத்தான் சொல்லுறன். 2009க்குப் பிறகு அவர் தடுப்பில இருந்தவர், தோள் இப்பவும் தூக்க ஏலாது, ராவில கத்தி எழும்புறார் எண்டு ஒரு வரியில எழுதிட்டுக் கடந்து போயிருக்கிறீங்கள். சித்திரவதையால வந்த உடல் வருத்தத்துக்கும் மன வருத்தத்துக்கும் ஆஸ்பத்திரிச் சிகிச்சை இலவசம், கேஸ் தோத்திருந்தாலும்தான். ஜிபியிட்ட இதை அவரே தன்ர வாயால சொல்ல வேணும், நீங்களோ அண்ணாவோ பக்கத்தில இல்லாமல், மொழிபெயர்ப்பாளரோட, அவர் சொல்லக்கூடிய அளவுக்கு. அவர் சொல்லுறது ரெக்கோர்டில பதியும், அது சிகிச்சைக்கும் வழி, ஃபிரெஷ் கிளெய்முக்கும் ஆதாரம். ஃபிரீடம் ஃப்ரொம் டோர்ச்சர், ஹெலன் பம்பர் ஃபவுண்டேஷன் எண்ட ரெண்டு அமைப்பும் இப்பிடிப்பட்ட ஆக்களைப் பாத்து மருத்துவ அறிக்கை எழுதுறவை. உங்கட முதல் கேஸில அப்பிடி ஒரு அறிக்கையும் போகேல்லை எண்டால், லோயரிட்ட முதல் கேக்க வேண்டியது அதுதான்.

ஆக்கள் சொன்னதெண்டு நீங்கள் எழுதின மிச்சம்

உதவி கேட்டா கேஸ் பழுதாகும் எண்டது சரியில்லை. அசைலம் சப்போட்டும் என்.எச்.எஸ்ஸும் விசா விதியில தடுத்திருக்கிற பொது நிதிக்குள்ள வராது.

இங்க பிறக்கிற பிள்ளைக்கு பிரிட்டிஷ் பாஸ்போட் கிடைக்கும், அதை வைச்சு நாங்களும் இருக்கலாம் எண்டு நம்பியிருக்கிறீங்கள். 1983 ஜனவரி 1க்குப் பிறகு அப்பிடி இல்லை தங்கச்சி. தாய் தகப்பன் ஒராளாவது பிரிட்டிஷோ நிரந்தர விசாவோ எண்டாத்தான் பிறப்பால வரும். இங்கயே பிறந்து பத்து வருசம் வளர்ந்த பிள்ளை பதிஞ்சு எடுக்கலாம், அது தூரத்து விசயம்.

ஆஸ்பத்திரி பிடிச்சுக் குடுக்கும் எண்டுற பயம். கட்டணம் வருமா எண்டு பாக்க ஆஸ்பத்திரி ஹோம் ஒஃபிஸிட்ட உங்கட ஸ்டேட்டஸைக் கேக்கிறது உண்மை, அதை மறைக்கேல்லை. ஆனா வார்டில வைச்சுப் பிடிக்கிறதுக்காக அது நடக்கிறேல்லை. கர்ப்பிணியைக் குடிவரவுக்காகத் தடுத்து வைக்கிறதுக்கும் 72 மணித்தியாலம் எண்டு சட்ட எல்லை இருக்கு, அமைச்சர் மட்டத்தில அனுமதி எடுத்தா ஒரு கிழமை வரைக்கும்.

கவுன்சிலிட்ட, அதாவது உள்ளூர் சபையிட்ட, போனால் மகளைப் பறிப்பினம் எண்டு அண்ணி சொன்னது. வீடில்லை, காசில்லை எண்டது பிள்ளையைப் பிரிக்கிற காரணமில்லை. 1989ஆம் ஆண்டு சிறுவர் சட்டத்தில செக்‌ஷன் 17, தேவையில இருக்கிற பிள்ளைக்குக் குடும்பத்தோட சேத்து உதவத்தான் இருக்கு. செக்‌ஷன் 95க்கு இடையில எங்கயாவது முட்டுப்பட்டா கவுன்சிலின்ட கதவையும் தட்டலாம், மகளின்ட ரீச்சரிட்ட சொன்னாலே அவை வழி காட்டுவினம்.

லோயர் விசயத்திலயும் கவனம். ஃபிரெஷ் கிளெய்ம் எழுத 1,500 பவுண்ஸ் கேட்டதா நீங்கள் எழுதின அந்த ஆள் லோயர் இல்லை போல கிடக்கு. சொலிசிற்றர் எண்டா சொலிசிற்றர்களின்ட பதிவில இருக்க வேணும், மற்ற ஆலோசகர் எண்டா இமிகிரேஷன் அட்வைஸ் ஒதோரிட்டியில, முந்தி ஓ.ஐ.எஸ்.சி எண்டு இருந்தது, அதில பதிஞ்சிருக்க வேணும். ரெண்டிலயும் பெயர் இல்லாத ஆளிட்ட கடன்பட்டுக் காசு குடுக்காதேங்கோ. அசைலத்துக்கு லீகல் எய்ட், அதாவது அரசாங்கச் செலவில லோயர், இருக்கு, உங்கட வருமானத்துக்கு அது கிடைக்க வேணும், புது ஆதாரம் பலமா இருந்தா.

செக்‌ஷன் 95 கேட்டதுக்கு இல்லை எண்டு பதில் வந்தா, லெட்டர் கையில கிடைச்சதில இருந்து மூண்டு நாள்தான் அப்பீலுக்கு. அசைலம் சப்போட் அப்பீல்ஸ் புரொஜெக்ட் எண்ட அமைப்பு அந்த அப்பீலைக் கேக்கிற ட்ரிபியூனலில காசில்லாமல் உங்களுக்காகக் கதைக்கும். ஹோம் ஒஃபிஸ் லெட்டர் வந்தா பயத்தில ரெண்டு மூண்டு நாள் பிரிக்காமல் வைக்கிறனாங்கள் எண்டு எழுதியிருந்தீங்கள். இந்த லெட்டரை வந்த அண்டைக்கே பிரிக்க வேணும், பிரிச்ச உடன அவைக்கு ஃபோன் பண்ணுங்கோ, கவரையும் எறியாதேங்கோ, எப்ப வந்ததெண்டு காட்ட அதில இருக்கிற திகதி தேவைப்படும்.